இரண்டரை இரண்டரையாக

என் தம்பிக்குக் கடைத்தெருவில் மீட்டர் என்று பெயர். அளவுகோலைத் தொடமாட்டான். ரோலிலிருந்து துணியை உருவி இரண்டு கைக்கும் நடுவில் ஒரு தரம் விரித்துப் பார்த்து, "மூணேகால், சரியா?" என்று கத்திரியை ஓட்டிவிடுவான். நம்பாதவர்கள் கோலை வாங்கி அளப்பார்கள். மூன்றேகாலுக்கு மேல் ஒரு விரல் கூட இருக்காது, கீழேயும் இருக்காது. அளந்தவர் முகத்தில் அசடு வழியும். அந்த அசடு காய்வதற்குள் இன்னும் இரண்டு மீட்டர் விற்றுவிடுவான். அப்போது அவனுக்கு இருபத்து மூன்று வயது.

அடுத்த வருஷம், அவன் காதுக்கு மட்டும் கேட்கும் ஆட்கள் பேச ஆரம்பித்தார்கள். துணி அடுக்குக்குப் பின்னால் நின்றுகொண்டு தன்னைத் திட்டுகிறார்கள் என்றான். தண்ணீரில் எதையோ கலந்துவிட்டார்கள் என்று பெற்ற அம்மா கொடுத்த தம்ளரையே தட்டிவிட்டான். உதடு வெடித்து, கண் உள்ளே போய், ஒரே மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டான். மாத்திரைதான் அவனை மீட்டுக் கொண்டுவந்தது. அதில் இரண்டாவது பேச்சுக்கே இடமில்லை. ஆனால் நான் வியாபாரி வீட்டில் பிறந்தவன். எதை வாங்கினாலும், அதற்கு எதைக் கொடுத்தோம் என்று திரும்பிப் பார்க்காமல் இருக்க வராது.

கொடுத்தது நிறைய. ஒரு நாளைக்குப் பதினாலு மணி நேரம் தூங்கினான். விழித்திருக்கும் நேரத்தில் கடையின் பின்பக்கம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வாய் எதையோ மென்றுகொண்டே இருக்கும். "உங்க தம்பி என்ன எப்பப் பாத்தாலும் சாப்ட்டுட்டே இருக்காரு, எங்களுக்கும் கொஞ்சம் குடுக்கச் சொல்லுங்க" என்று ஒரு தையல்காரி விளையாட்டாகக் கேட்டாள். வாயில் ஒன்றுமே இல்லை என்பதை அவளுக்கு எப்படிச் சொல்வது? தினமும் அவன் தலையணை உறையை என் மனைவி துவைத்துப் போடுவாள். அவ்வளவு எச்சில் ஒழுகும். கை நடுங்கும். நடக்கும்போது கை வீசாது. இப்படி இருபத்திரண்டு வருஷம்.

ஒரு நாள் மதியம், கடை காற்றாடிக்கொண்டிருந்தபோது அவன் தானாகப் பேசினான். அவன் தானாகப் பேசுவதே அபூர்வம்.

"அண்ணே, துணி தெரியல."

"லைட்டைப் போடட்டுமா?"

"கண்ணுக்குத் தெரியுது. கைக்குத் தெரியல." ஒரு பாப்ளினையும் ஒரு பாலியஸ்டரையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துக் காட்டினான். "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு. கையில உறை மாட்டிவிட்ட மாதிரி. இதை மட்டும் கொஞ்சம் கழட்டித் தரச் சொல்லேன், டாக்டர்கிட்ட."

தனக்காக எதுவும் கேட்காதவன். கல்யாணம் கேட்கவில்லை, பங்கு கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் முதன்முதலாகக் கேட்டது இதுதான்.

பழைய டாக்டர் தலை நிமிராமலே "நல்லாத்தானே இருக்காரு" என்று எழுதிக் கொடுப்பவர். அவர் ஓய்வு பெற்று, அந்த அறைக்கு ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். வந்தவர் என்னை விட்டுவிட்டுத் தம்பியைப் பார்த்துக் கேட்டார்: "உங்களுக்கு என்ன வேணும்?"

நான் வாயைத் திறந்தேன். டாக்டரம்மா என் பக்கம் பார்க்காமலே ஒரு விரலைத் தூக்கினார். என் வாயை ஒரு விரலில் மூடியவர் ஊரில் வேறு யாரும் கிடையாது.

தம்பி விரல்களை விரித்துக் காட்டி, "கை வேணும்" என்றான்.

டாக்டரம்மா அவன் முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். நடக்கச் சொன்னார். வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு, "இப்ப இருபது மில்லிகிராம் போட்டுக்கறீங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை இரண்டரை குறைப்போம். நடுவுல எது சரியில்லேன்னாலும் நிறுத்திக்குவோம்" என்றார்.

"மூணு மாசம்கறது ரொம்ப ஜாஸ்தி டாக்டரம்மா" என்றேன். "மாசத்துக்கு அஞ்சுன்னு வச்சுக்குவோமே."

"என்னங்க, துணியா வாங்கறீங்க?"

"சரி, உங்களுக்கும் வேணாம் எனக்கும் வேணாம். ரெண்டு மாசம், நாலு."

"நாலுன்னு மாத்திரையே கிடையாது."

தம்பியின் தோள் குலுங்கியது. சிரிக்கிறான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "இத்தனை வருஷம் பழகின மருந்து, சடக்குனு உருவ முடியாது. சில பேர் ரொம்பக் கீழ வரைக்கும் போவாங்க. சில பேருக்கு நடுவுல ஒரு இடம் இருக்கும், அதுக்குக் கீழ தாங்காது. இவரோட இடம் எதுன்னு எனக்குத் தெரியாது. நீங்க பாத்துச் சொன்னாத்தான் தெரியும். அதனால எங்கிட்ட எதையும் மறைக்கக் கூடாது" என்றார்.

ஒரு தாளில் நாலு விஷயம் எழுதிக் கொடுத்தார். முன்பு நோய் வருவதற்கு முந்தி அவனிடம் என்னென்ன மாறியது என்று கேட்டுக் கேட்டு எழுதியது. எல்லாவற்றையும் நினைவு வைத்துச் சொன்னது கூட வந்திருந்த என் மனைவிதான். தூக்கம் குறைவது. அடுத்தவர் ஊற்றிய தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தானே ஊற்றிக்கொள்வது. வீட்டில் ஓடும் டிவியை அணைப்பது. "என்னைப் பத்தி யாராவது கேட்டாங்களா?" என்று விசாரிப்பது. இதில் இரண்டு சேர்ந்து வந்தால் உடனே போன் செய்ய வேண்டும். என் மனைவி அதை பிரிட்ஜ் கதவில் ஒட்டினாள்.

பதினேழரை. ஒன்றும் நடக்கவில்லை. பதினைந்து. காலை எட்டு மணிக்கு எழுந்து, பேப்பரைக் கேட்டான். தலையணை உறையை இரண்டு நாளைக்கு ஒரு தரம் மாற்றினால் போதும் என்று ஆயிற்று. பன்னிரண்டரையில் ஒரு நாள் கண்ணாடி முன்னால் நின்று, "அண்ணி, இந்தப் பெரியவர் யாரு? நம்ம வீட்டுக்கு அடிக்கடி வர்றாரா?" என்றான். அவள் அடக்கமாட்டாமல் சிரித்தாள். அவனும் சிரித்தான். பிறகு கண்ணாடியை விட்டு நகராமல் ரொம்ப நேரம் நின்றான். முடி முக்கால்வாசி நரைத்திருந்தது. அது நரைத்தபோது அவன் கூட இல்லை.

அதே வாரம் அம்மாவுக்காக அழுதான். அம்மா போய்ப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. அன்றைக்கு அவன் எல்லோருடனும்தான் நின்றான். சொன்ன இடத்தில் நின்றான், சொன்னதைச் செய்தான், வீட்டுக்கு வந்து தூங்கினான். இப்போது மூன்று நாள் சாப்பிடாமல் அழுதான். "கடைசியா என்ன சொன்னாங்க? என்னைக் கேட்டாங்களா?" என்று திருப்பித் திருப்பிக் கேட்டான். கேட்டார்கள் என்று சொன்னேன். நாலாம் நாள் முகம் கழுவிக்கொண்டு கடைக்கு வந்தான்.

வந்தவன் அடுக்கிலிருந்த துணியை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனான். கண்ணை மூடிக்கொண்டு, "இது பாப்ளின். இது கலப்படம். இது டபுள் நூல். அண்ணே, இதை எவன் உன் தலையில கட்டினான்?" என்றான். நான் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் குனிந்து எதையோ தேடுகிற மாதிரி நின்றேன். ஐம்பது வயதுக்காரன் வாடிக்கையாளர் முன்னால் மூக்கை உறிஞ்சினால் நன்றாகவா இருக்கும்?

பத்துக்கு வந்தபோது ஒரு வருஷம் முடிந்திருந்தது. கை பாதி நிதானத்துக்கு வந்திருந்தது. வாய் மெல்லுவது முழுக்கப் போகவில்லை; அது போகாமலே நின்றுவிடலாம் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். போகட்டும். அவன் மறுபடி கோலைத் தொடாமல் வெட்டினான். முதல் நாலு தரம் பிசகிற்று. ஐந்தாவது சரியாக வந்தது. கடைத்தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

அந்த மாதம்தான் என் மனைவி சொன்னாள், "தம்பி நான் ஊத்தி வச்ச தண்ணியக் கொட்டிட்டு வேற புடிச்சுக்கறாருங்க."

"தம்ளர் கழுவலையோ என்னமோ."

"என் தம்ளரையா?"

"ஒண்ணுதானே. ரெண்டு வந்தாத்தானே போன் பண்ணச் சொல்லியிருக்கு?"

பத்து நாள் கழித்து, அவன் காலை நாலு மணிக்கே குளித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான் என்றாள்.

"வெக்கையில யாருக்குத்தான் தூக்கம் வருது? நானும்தான் எந்திரிச்சுட்டேன்."

"ரெண்டு ஆச்சுங்க."

"இது அரை. மொத்தத்துல ஒண்ணரைதான்."

அவள் என்னையே பார்த்தாள். "தாள்கிட்டயுமா பேரம் பேசுவீங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். பேசினேன். என் பிழைப்பே அதுதான். போன் செய்தால் டாக்டரம்மா மருந்தை ஏற்றுவார். ஏற்றினால் பின்பக்க நாற்காலியில் மென்றுகொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த ஆளை மறுபடி வீட்டுக்கு அனுப்புவார். திரும்பக் கிடைத்தவனை நானே எப்படிக் கொண்டுபோய் ஒப்படைப்பது?

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, "கடையைப் பாத்துக்க" என்று மனைவியை நிறுத்திவிட்டேன்.

எங்கள் தொழிலில் துணியில் நெசவுக் குறை இருந்தால் டேமேஜ் என்போம். டேமேஜை யாரும் வெட்டி எறியமாட்டார்கள். அது உள்மடிப்பில் போகிற மாதிரி மடித்து, நல்ல பக்கத்தை வெளியே வைத்து, விரலால் அதன் மேல் நீவிக்கொண்டே பேசவேண்டும். இளவயதில் நானும் அவனும் சேர்ந்து இதைச் செய்வோம். நான் விலையில் இறங்கி வருகிற மாதிரி இழுப்பேன். அவன் பதறிப்போய், "அண்ணே, அந்த விலைக்குக் குடுத்துட்டு வீட்டுக்கு வந்தா அப்பா என்னை உள்ள விடமாட்டாரு" என்பான். வாடிக்கையாளர் மனம் இளகிவிடும். ஒத்திகை எதுவும் கிடையாது. ஒருவன் மூச்சை இழுத்தால் அடுத்தவனுக்குத் தெரியும்.

"தூக்கம் எப்படி?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"தூங்கறான் டாக்டரம்மா. எழுப்பினாத்தான் எந்திரிக்கறான்" என்றேன்.

ஒரு நொடிதான். தம்பி தலையைக் குனிந்து வெட்கமாகச் சிரித்தான். "அண்ணி திட்டறாங்க டாக்டரம்மா. புது மாப்பிள்ளை மாதிரி பத்து மணிக்கு எந்திரிக்கறேனாம்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு எங்களுக்குப் பழக்கமானது. சரக்கு கைமாறும் முன் வருகிற சிரிப்பு. "பத்துலயே ஒரு ஆறு மாசம் நிறுத்திப் பாக்கலாம்னு இருந்தேன்" என்றார்.

"நீங்க சொன்னா சரிதான்" என்று நான் இழுத்தேன்.

"ஆறு மாசமா?" என்றான் அவன், முகம் வாடிப்போய். "இப்பத்தான் டாக்டரம்மா கை வருது. ஒரே ஒரு படி."

ஏழரை என்று எழுதினார். நான் பொய் சொன்னேன் என்பதைவிட, அந்த வேளையில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதைச் சொல்லத்தான் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. இருபத்து மூன்று வருஷம் கழித்து என் தம்பி என்னோடு சேர்ந்து வியாபாரம் செய்தான். படி இறங்கும்போது அவன் என்னைத் தோளால் ஒரு இடி இடித்தான்.

ஐந்து வாரம்.

காலை பதினொரு மணி. நான் ஒருத்தருக்குத் திரைத்துணி காட்டிக்கொண்டிருந்தேன். தம்பி, வெள்ளை லைனிங் துணி ரோலைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். துணியின் நுனியை எங்கள் கடைப்படியில் வைத்து அதன் மேல் ஒரு கல்லை வைத்தான். பிறகு தெரு நடுவில் குந்தி உட்கார்ந்து, ஒரு கை விரித்து, ஒரு மடிப்புப் போட்டு, நகர்ந்து, இன்னொரு கை விரித்து அளந்துகொண்டே போனான்.

"என்ன மீட்டர், ரோட்டுக்குச் சட்டை தைக்கப் போறியா?" என்று எதிர்க்கடை பை வியாபாரி கத்தினார். "காலர் வச்சா, காலர் வைக்காமயா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பழைய குறும்பு திரும்பிவிட்டது என்று நினைத்தேன். ஒரு லாரி நின்று ஹாரன் அடித்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அப்போதுதான் அவன் உதட்டைப் பார்த்தேன். வெடித்திருந்தது. எத்தனை நாளாகத் தண்ணீர் குடிக்கவில்லையோ. நான் ஓடினேன்.

"அளந்துட்டேன், விடுங்க" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். "ரோடு குறையுதுன்னா நான் என்ன பண்றது? அளந்துட்டேன், விடுங்க."

"டேய், நான்டா, அண்ணன்." தோளில் கை வைத்தேன்.

சுட்ட மாதிரி விலகினான். "தொடாதே. உன் கையில அவங்க இருக்காங்க." துணியை இழுத்துத் தலை வரைக்கும் போர்த்திக்கொண்டு நடுத்தெருவில் சுருண்டு உட்கார்ந்தான். இரண்டு பக்கமும் வண்டி நின்றுவிட்டது. ஒருவன் போனைத் தூக்கிப் படம் பிடித்தான். பை வியாபாரி போய் அந்தப் போனைப் பிடுங்கினார். தம்பியை அங்கிருந்து எழுப்ப இரண்டு மணி நேரம் ஆயிற்று. நாலு பேர் தூக்கினார்கள். அவன் யாரையும் அடிக்கவில்லை. பயந்து நடுங்கினான், அவ்வளவுதான்.

ஏழு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தான். முதல் வாரமே டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தண்ணீர், நாலு மணிக் குளியல், ஒண்ணரைக் கணக்கு, இரண்டு பேரும் சேர்ந்து ஆடியது. கோபப்படுவார் என்று காத்திருந்தேன். பட்டிருந்தால் தேவலை.

"அந்தத் தண்ணி விஷயத்தை அப்பவே சொல்லியிருந்தா பன்னிரண்டரைக்கு ஏத்தி நிறுத்தியிருப்பேன்" என்றார். "அனேகமா அங்கயே நின்னிருக்கும். கையும் இருந்திருக்கும். எல்லாம் திரும்ப வந்துடும்னு பயந்துட்டீங்க. அவ்வளவு தூரம் போயிருக்கவே வேண்டாம்."

நடுவில் ஒரு இடம் இருந்திருக்கிறது. இரண்டு பக்கத்துக்கும் ஒத்துவருகிற இடத்தைக் கண்டுபிடிப்பதற்குத்தான் வாழ்நாள் முழுக்க வாய் வலிக்கப் பேசியிருக்கிறேன். அதைத் தாண்டிக்கொண்டு போனதும் என் வாய்தான்.

திரும்பி வந்தபோது அவனுக்கு இருபதும், கூட இன்னொரு மாத்திரையும் இருந்தது. பின்பக்க நாற்காலியை நான் ஒளித்து வைத்திருந்தேன். அவன் அடுக்குகளுக்குப் பின்னால் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

எட்டு மாதம் கழித்து, மறுபடி குறைத்துப் பார்க்கலாமா என்று பேச டாக்டரம்மா வரச் சொன்னார். மூன்று பேரும் போனோம். கூப்பிட்டதும் நான் எழுந்தேன்.

"நீ வெளிய இருண்ணே" என்றான் தம்பி. நாக்கு தடித்திருந்ததால் மெதுவாகத்தான் சொன்னான். "அண்ணி வரட்டும்."

என் மனைவி என் முகத்தைப் பார்க்காமல் அவனோடு உள்ளே போனாள். அறைக்குக் கதவு சாத்தவில்லை, திரைதான். உள்ளே பேசுவது பெஞ்சுக்கு நன்றாகக் கேட்டது.

"எப்படி இருக்கீங்க?"

"குறைக்கணும் டாக்டரம்மா."

"குறைக்கலாம். அதுக்கு முன்னாடி சொல்லுங்க. குரல் ஏதாவது வருதா?"

சொல்லாதே, சொல்லாதே என்று நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"வருது."

"எப்போ?"

"காலையில. பல்லு தேய்க்கறப்போ. குழாயைத் திறந்தா வருது. சன்னமா."

"என்ன சொல்றாங்க?"

"பேரைச் சொல்லிக் கூப்பிடறாங்க. வேற ஒண்ணும் இல்ல."

"தண்ணி குடிக்கறாரா?" இது என் மனைவியைக் கேட்டது.

"குடிக்கறாருங்க. நான் ஊத்திக் குடுத்தாலும் குடிக்கறாரு."

"நேத்து ஒரு தரம் கொட்டினேன் அண்ணி" என்றான் அவன். "நீங்க துணி காயப்போடப் போனீங்க. அப்போ."

பேனா ஓடும் சத்தம் கேட்டது.

"அப்போ இந்தத் தடவை வேணாம்" என்றார் டாக்டரம்மா. "மூணு மாசம் கழிச்சுப் பாப்போம். குறைக்கவே முடியாதுன்னு சொல்லல. இப்ப வேணாம், அவ்வளவுதான்."

நான் எழுந்துவிட்டேன். எனக்கு நாக்கு நுனியில் மூன்று யோசனை தயாராக இருந்தது. இரண்டரை வேண்டாம், ஒன்றேகால். தினமும் வேண்டாம், ஒரு நாள் விட்டு ஒரு நாள். கூட இருக்கிற அந்த இன்னொரு மாத்திரையை மட்டுமாவது. கை திரை வரைக்கும் போய்விட்டது. உள்ளே அவன் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. எனக்குத் தெரிந்த மூச்சு. என்னை எதிர்பார்க்கிறான் என்று நினைத்தேன்.

"சரிங்க டாக்டரம்மா" என்றான்.

நான் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன்.

வெளியே வந்தவன் கையில் மருந்துச் சீட்டு நடுங்கிக்கொண்டிருந்தது. என் மனைவி அதை வாங்கி மடித்துப் பையில் வைத்தாள். மாடிப்படி வரைக்கும் மூவரும் நடந்தோம். எனக்குத் தாங்கவில்லை.

"கொஞ்சம் கேட்டுப் பாத்திருக்கலாமேடா."

அவன் படிக்கட்டின் கம்பியைப் பிடித்து, காலை முதல் படியில் வைத்துவிட்டு, அடுத்த காலையும் அதே படியில் கொண்டுவந்து வைத்தான்.

"கேட்டா குடுத்திருப்பாங்கண்ணே" என்றான்.